இணையப் பிளான் எடுக்கும் முன் அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்

நான் வீட்டிலிருந்து ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். தினமும் மாலையில் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டிஜிட்டல் பலகையில் எழுதுவேன், கேமரா ஓடிக்கொண்டிருக்கும், வகுப்பு முடிந்ததும் அதன் பதிவு கிளவுடுக்குப் போகும். ஒரு கட்டத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக, "மிஸ், குரல் விட்டு விட்டுக் கேக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என் திரையிலோ எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது, எல்லாக் குரலும் சுத்தமாகக் கேட்டது. அதனால் கோளாறு அவர்கள் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். "உங்க வைஃபையைப் பாருங்கப்பா" என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு மாணவி தன் திரையில் தெரிந்ததை இருபது விநாடி பதிவு செய்து அனுப்பினாள். அதில் நான் ஒரு பரவளையம் வரைகிறேன். இடது பக்கக் கோடு பாதி இறங்கி, அடிப்புள்ளியைத் தொடும் முன்பே நிற்கிறது. என் வாய் திறந்தபடி உறைந்திருக்கிறது. நாலைந்து விநாடி கழித்து முழு வளைவும் ஒரே தாவலில் வந்து விழுகிறது. அதற்குள் குரல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டது, அதுவும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. மூன்று வாரமாக அந்தப் பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் குறிப்பெடுத்திருக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அவர்களிடம் மன்னிப்பு கேட்டேன்.

டவுன்லோட், அதாவது இணையத்திலிருந்து நமக்குத் தரவு வரும் வேகம், குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும், நமக்குக் கோபம் வரும், கஸ்டமர் கேருக்குப் போன் போடுவோம். அப்லோட், அதாவது நம்மிடமிருந்து வெளியே தரவு போகும் வேகம், குறைந்தால் கஷ்டப்படுவது எதிர்முனையில் இருப்பவர். அவர் சொன்னால் ஒழிய நமக்குத் தெரிய வழியில்லை. பாதிப் பேர் சொல்லவும் மாட்டார்கள். நேர்முகத் தேர்வு எடுப்பவரும் டாக்டரும் "சரி, பரவாயில்லை" என்று பேச்சைச் சுருக்கி முடித்துக்கொள்வார்கள். பிளான் எடுக்கும்போது யாரும் அப்லோடைக் கேட்காததற்கும், விளம்பரத்தில் அது பொடி எழுத்தில் கிடப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

அன்று இரவு ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். டவுன்லோட் 148 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்). அதற்கு முன்பும் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், ஆனால் முதல் எண் வந்ததுமே திருப்தியாக மூடிவிடுவேன். இந்தத் தடவை இரண்டாவது முள்ளும் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்லோட் 6.2.

நீங்களும் இதைச் செய்யுங்கள், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். மொபைலில் வைஃபை வழியாக அளந்தால் வருவது உங்கள் பிளானின் அளவு அல்ல. ரவுட்டரைவிட மொபைலின் ஆண்டெனா மிகக் குறைந்த சக்தியில்தான் அலை அனுப்புகிறது. அதனால் ரவுட்டர் சொல்வது மொபைலுக்கு நன்றாகக் கேட்டாலும், மொபைல் சொல்வது ரவுட்டருக்குச் சரியாக எட்டாமல் போகலாம். இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்தால் முதலில் அடிபடுவது அப்லோட்தான். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டுச் செருகி, விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு, காலையில் ஒரு தடவை, ராத்திரி எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஃபாஸ்ட் டாட் காம் மாதிரி சில தளங்கள் முதலில் டவுன்லோடை மட்டும்தான் காட்டும். கூடுதல் விவரம் கேட்டு அழுத்தினால்தான் அப்லோட் வரும். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2021-ல் வந்த மான்டெரே பதிப்பிலிருந்து டெர்மினலிலேயே நெட்வொர்க் குவாலிட்டி என்று ஒரு கட்டளை இருக்கிறது. இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக, கியூ எழுத்தை மட்டும் பெரிதாக அடித்தால் இரண்டு வேகத்தையும் அளந்து சொல்லிவிடும்.

ஸ்பீட் டெஸ்ட் சில விநாடிதான் ஓடும். அந்தச் சில விநாடிக்கு மட்டும் வேகத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் இறக்குகிற இணைப்புகளும் உண்டு. ஆகவே 1 ஜிபி அளவுள்ள ஒரு நிஜக் கோப்பைக் கிளவுடில் ஏற்றி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 1 ஜிபி என்பது 8,000 மெகாபிட். வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கோப்பை மெகாபைட்டில் சொல்கிறார்கள், நடுவில் இந்த 8 நிற்கிறது. 8,000-ஐ உங்கள் அப்லோடால் வகுத்தால் விநாடிக் கணக்கு வரும். எனக்கு 6.2-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1,290 விநாடி, அதாவது 21 நிமிடத்துக்கு மேல். என் ஒரு மணி நேர வகுப்புப் பதிவு சுமார் 1.5 ஜிபி. மூன்று வகுப்புக்கு 4.5 ஜிபி. ராத்திரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்த லைன் வேறெதற்கும் ஆகாமல் கிடந்ததன் ரகசியம் இந்தக் கணக்குதான்.

இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். என் கண்ணைத் திறந்தது இதுதான். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் 8.8.8.8 என்று அடித்தேன். கூகுளின் ஒரு சர்வரிடமிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை அது. விண்டோஸ் நான்கு தடவை கேட்டுப் பதில் வாங்கிவிட்டு நிறுத்திவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தி மறுபடி மறுபடி அடிக்கலாம். சும்மா இருக்கும்போது 14, 15, 14, 15 மில்லி விநாடி என்று வந்தது. அப்புறம் ஒரு வகுப்புப் பதிவைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கிவிட்டு மறுபடி அடித்தேன். 90. 240. 610. 780. ஒரு பதில் வரவே இல்லை. ஏற்றுவதை நிறுத்தினேன், இரண்டு விநாடியில் பழையபடி 15. கண்ணெதிரே ஒரு குழாயை அடைத்துத் திறந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் நடப்பது இதுதான். வீட்டுக்குள்ளிருந்து ரவுட்டருக்கு வரும் பாதை அகலம், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் பாதை குறுகல். வெளியே போக முடியாத தரவெல்லாம் மோடத்தின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கிறது. நான் பேசிய ஒரு வார்த்தை அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, முன்னால் நூற்றுக்கணக்கான வீடியோத் துண்டுகள். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, நானோ அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது இணைப்பே செத்துப்போவதைக் கண்டு, காரணத்தைத் தேடிப் போய் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் இதற்கு மருந்தாக கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அப்லோட் அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் படுத்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். நாம் ஒன்றை இறக்கும்போது, "இதுவரை வந்தது, மேலே அனுப்பு" என்று நம் கணினி எதிர்முனைக்கு ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒப்புகையும் இதே குறுகிய வழியில்தான் போக வேண்டும். அது வரிசையில் சிக்கினால், அனுப்புகிறவர் நமக்காகக் காத்து நின்றுவிடுகிறார். பக்கத்து அறையில் என் கணவர் "நெட் ஏன் இப்படி இழுக்குது?" என்று கேட்ட ராத்திரிகளெல்லாம் என் பதிவுகள் ஏறிக்கொண்டிருந்த ராத்திரிகள்தான்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது

வீட்டில் அப்லோடைத் தின்பவை இரண்டு வகை. ஒன்று, நிமிடம் தவறாமல் ஒரே அளவில் போய்க்கொண்டிருப்பவை: வீடியோ அழைப்பு, கிளவுடுக்குப் போகும் கண்காணிப்புக் கேமரா, நேரலை. இன்னொன்று, எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கிவிட்டு முடிந்ததும் அடங்குபவை: மொபைலின் புகைப்பட பேக்கப், பெரிய கோப்புகள், கணினி பேக்கப்.

முதல் வகையைக் கூட்டுங்கள். குரல் அழைப்பு மட்டும் என்றால் 0.1 எம்பிபிஎஸ் போதும், அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். வீடியோ அழைப்பு 720பி தரத்தில் 2-லிருந்து 3 எம்பிபிஎஸ், 1080பி என்றால் 4 வரை போகும். 1080பி கேமரா ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2. முழு எச்டி நேரலை செய்பவர்களுக்கு 6 வரை தனியாக வேண்டும், சில தளங்கள் 10-க்கு மேலும் கேட்கின்றன. எங்கள் வீட்டில் என் வகுப்பு 4, என் கணவரின் அலுவலக அழைப்பு 3, வாசலில் ஒரு கேமரா 2. மொத்தம் 9. இருந்ததோ 6.2. அதன் மேல் பிள்ளையின் மொபைல் வீட்டுக்குள் நுழைந்து வைஃபையைப் பிடித்ததும் அன்றைய வீடியோக்களையெல்லாம் பேக்கப் எடுக்கத் தொடங்கும். அது நுழையும் நேரமும் என் இரண்டாவது வகுப்பு தொடங்கும் நேரமும் ஒன்று. என் பாடம் சிதைந்ததில் எந்த மர்மமும் இல்லை.

கூட்டி வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். லைன் நிரம்பி வழியும்போதுதான் வரிசை உண்டாகிறது, அதனால் பாதி இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். எங்களுக்கு 18 வந்தது. அப்புறம் இரண்டாவது வகையை நேரத்தால் கணக்கிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி ஏற்றுகிறீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கச் சம்மதம்? எனக்கு 4.5 ஜிபி, அரை மணிக்குள் முடிய வேண்டும். 36,000 மெகாபிட்டை 1,800 விநாடியால் வகுத்தால் 20. இரண்டையும் சேர்த்தால் 38. ஆக, 40-க்குக் குறைந்த அப்லோட் உள்ள எந்தப் பிளானையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, செய்தி படிப்பது, எப்போதாவது குடும்பத்தோடு ஒரு வீடியோ அழைப்பு, அவ்வளவுதான் என்றால் 10 எம்பிபிஎஸ் அப்லோட் தாராளம். அதற்கு மேல் பணம் கொடுப்பது வீண். ஆனால் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசுகிறார்கள் என்றாலே நிலைமை வேறு. அமெரிக்காவில் தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்சிசி 2015-ல் பிராட்பேண்ட் என்று அழைக்க 25 எம்பிபிஎஸ் டவுன்லோட், 3 அப்லோட் என்று கோடு போட்டது. 2024-ல் அதை 100-க்கும் 20-க்கும் உயர்த்தியது. டவுன்லோட் 4 மடங்கு, அப்லோட் 6 மடங்குக்கு மேல். வீட்டிலிருந்து வெளியே போகும் தரவு எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பது அதிலேயே தெரிகிறது.

எந்த லைன் என்பதைப் பொறுத்தது

பிளான் பெயரைவிட, வீட்டுக்குள் வந்து சேர்வது எந்தக் கம்பி என்பது முக்கியம். பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் பெயரிலேயே 'சமச்சீரற்ற' என்ற சொல்லைச் சுமக்கிறது. அதில் அப்லோட் 1 எம்பிபிஎஸ் அருகில்தான். கேபிள் டிவி வழி வரும் இணையத்தில், பழைய அமைப்புகளில் மேலே போகும் தரவுக்கு 5-லிருந்து 42 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு சிறு துண்டுதான் ஒதுக்கீடு. அதற்கு மேலே ஏறக்குறைய 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாமே கீழே வருவதற்கு. தொலைக்காட்சி வீட்டுக்குள் வருவதற்காகப் போட்ட கம்பி அது, வெளியே எதுவும் போக வேண்டும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. டவுன்லோட் 300 என்று சொல்லி அப்லோட் 10 கொடுக்கும் பிளான்கள் இதனால்தான் வந்தன. என் பழைய இணைப்பும் இந்த ரகம்தான். கேபிள் இணையத்துக்கான புதிய டாக்சிஸ் தரங்கள் அந்தத் துண்டை அகலமாக்கியிருக்கின்றன, ஆனால் உங்கள் தெருவில் அது வந்துவிட்டதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபைபர் வேறு கதை. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு இழை கீழே 2.5 ஜிகாபிட், மேலே 1.25 ஜிகாபிட் சுமக்கும். 32 அல்லது 64 வீடுகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. எக்ஸ்ஜிஎஸ்பான் என்ற புதிய முறையில் இரண்டு பக்கமும் 10 ஜிகாபிட். ஆக, வீடுவரை ஃபைபர் வந்தும் 100-க்கு 10 என்று கொடுத்தால், இழையைக் காரணம் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது அந்த நிறுவனம் எடுத்த முடிவு. ஃபைபர் என்று விளம்பரம் செய்துவிட்டு, தெருமுனைவரை இழையும் அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக் கம்பியும் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் வந்து முடிவது என்ன என்று கேளுங்கள். 5ஜி வீட்டு இணையத்தில் பெரும்பாலும் நேரத்தின் பெரும்பகுதி கீழே வரும் தரவுக்கே போகிறது, மேலே அனுப்பக் கொஞ்சம்தான். சன்னலோரம் வைத்துப் பார்க்காமல் அதை நம்பி எடுக்காதீர்கள்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

"அப்லோட் எவ்வளவு?" என்று நான் முதலில் கேட்டபோது, "150 எம்பிபிஎஸ் மேடம்" என்று பதில் வந்தது.

"அது டவுன்லோட். நான் கேக்கறது அப்லோட்."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்." இசை ஓடியது. ஐந்து நிமிடம் கழித்து, "நல்லா இருக்கும் மேடம், பிரச்சினை வராது."

இந்தப் பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். பேசுகிறவர் மேல் தப்பில்லை, அவர் முன்னால் இருக்கும் திரையிலேயே அந்த எண் இல்லாமல் இருக்கலாம். மின்னஞ்சலிலோ சாட்டிலோ எழுத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்லும்போது "வரை" என்ற சொல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "50 வரை" என்றால் 12-உம் அதில் அடக்கம். குறைந்தபட்சம் எவ்வளவு உறுதி என்று கேளுங்கள். மாத டேட்டா அளவில் அப்லோடும் சேர்த்தியா என்பது அடுத்த கேள்வி. கேமராவும் பேக்கப்பும் ஓடும் வீட்டில் இது பெரிய விஷயம்: 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்று நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 21 ஜிபி, மாதத்துக்கு 600 ஜிபிக்கு மேல் போகும். அளவு தீர்ந்தபின் அப்லோட் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், 1 எம்பிபிஎஸ் என்று சொன்னால் அதோடு வகுப்பும் முடிந்தது. வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியையோ கேமராவையோ நேரடியாகத் திறந்து பார்ப்பவர்கள் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைக்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கழிக்காமல் வெளியேறலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எல்லா எண்ணையும்விட நம்பகமானது பக்கத்து வீட்டுக்காரர். அதே நிறுவனத்தின் லைன் வைத்திருப்பவரிடம் ராத்திரி நேரத்தில் ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டு, இரண்டு எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிளான் மாற்ற முடியாதவர்களுக்கு

உங்கள் தெருவுக்கு வேறு லைனே வராமல் இருக்கலாம். அப்போதும் நிறையச் செய்யலாம். புதிய இணைப்பு வர எனக்கு மூன்று வாரம் ஆனது, அதுவரை இதைச் செய்துதான் ஓட்டினேன்.

மொபைல் பேக்கப்பை வகுப்பு நேரத்தில் நிறுத்தி வைத்தேன். கணினியில் ஓடும் டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மூன்றிலும் அப்லோடுக்கு உச்சவரம்பு வைக்க அமைப்புகளில் இடம் உண்டு. அதைப் பாதிக்குக் கீழே வைத்தேன். கேமராவை அசைவு இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். அழைப்புச் செயலியில் எச்டியை அணைத்தேன், என் முகம் கொஞ்சம் மங்கினால் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. வகுப்புக் கணினிக்கு நேரடியாகக் கேபிள் இழுத்தேன்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது ரவுட்டரில் செய்த ஒரு மாற்றம். முன்பு சொன்ன கோடெல் முறையிலிருந்து வளர்ந்தவை எஃப்கியூ கோடெல், கேக் என்ற இரண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் இவை கிடைக்கும். அங்கே அப்லோடை, அளந்த வேகத்தில் 90 சதவீதமாக எழுதினேன்: 6.2-க்கு 5.5. லைன் முழுதாக நிரம்புவதில்லை என்பதால் மோடத்தில் வரிசை சேர்வதில்லை, பேச்சுத் துண்டும் வீடியோத் துண்டுகளுக்கு இடையில் புகுந்து வெளியே போய்விடுகிறது. மறுபடி அதே பிங் சோதனையைச் செய்தேன். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே 22, 25, 21. வேகம் கூடவில்லை, பதிவு ஏற முன்பைவிடச் சற்று அதிக நேரம்கூட எடுத்தது. ஆனால் அன்று முதல் குரல் உடையவில்லை.

புதிய லைன் வந்ததும் பழையதை உடனே துண்டிக்காதீர்கள். நான் பத்து நாள் இரண்டையும் வைத்திருந்தேன். காலை, ராத்திரி, விடுமுறை நாள் என்று அதே தாளில் அடுத்த பத்தியில் அளவுகளை எழுதினேன். அப்லோட் 47-லிருந்து 50-க்குள் நின்றது, ராத்திரி ஒன்பது மணிக்கும் 46-க்குக் கீழே போகவில்லை. பத்தாவது நாள் அந்த மாணவியிடம் மறுபடி இருபது விநாடி பதிவு செய்து அனுப்பச் சொன்னேன், பிள்ளையின் மொபைலை வேண்டுமென்றே பேக்கப் எடுக்கவிட்டு. பரவளையம் இடமிருந்து இறங்கி, அடிப்புள்ளியைத் தொட்டு, வலப்பக்கம் ஏறும்வரை கோடு எங்கேயும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டேன்.